கோபே 1995: ஒரே அதிர்வு, மூன்று விதமான அழிவு

கடலோர நகரத்தில் நிலநடுக்கம் என்றதுமே நம் மனம் சுனாமிக்குத் தாவிவிடுகிறது. ஜப்பானின் துறைமுக நகரமான கோபேயில் குறிப்பிடத்தக்க சுனாமி வரவில்லை. 1995 ஜனவரி 17 அதிகாலை 5.46 மணிக்கு அங்கே நகர்ந்தது, பாறைகள் பக்கவாட்டில் ஒன்றையொன்று உரசிச் செல்லும் வகையைச் சேர்ந்த பிளவு. அவாஜி தீவின் வட முனைக்கு அருகே சுமார் 16 கி.மீ. ஆழத்தில் உடைப்பு தொடங்கியது. கடல்தளம் பெரிதாக உயரவுமில்லை, தாழவுமில்லை. அதனால் நீர் திரண்டு எழவில்லை. ஆனாலும் கடலுக்கு அந்த அழிவில் பெரிய பங்கு உண்டு. கடலைத் தூர்த்து எழுப்பிய நிலம், அந்த நிலத்தைத் தாங்கிய சுவர், அதன்மேல் நின்ற துறைமுகம் எல்லாம் ஒரே காலையில் நிலைகுலைந்தன.

ஜப்பான் வானிலை முகமையின் அளவில் 7.3, மொமென்ட் அளவில் 6.9. உலகக் கணக்கில் இது ராட்சத நிலநடுக்கம் அல்ல. பலத்த அதிர்வு ஏறத்தாழ 20 நொடிகளுக்குள் முடிந்துவிட்டது. பின்னாளில் உடல்நலம் குன்றி இறந்தவர்களையும் சேர்த்து 6,434 பேர் பலியானார்கள். முழுதாக நொறுங்கிய வீடுகள் 1 லட்சத்துக்கும் மேல். இழப்பு சுமார் 10 டிரில்லியன் யென். பிளவு நகரத்துக்கு நேர் அடியிலேயே ஓடியதுதான் இந்தக் கணக்குக்கு முதல் காரணம். அதற்கு அடுத்த கேள்வி, ஒரே அதிர்வு ஒரு தெருவில் வீடுகளை மட்டம் தட்டி, ஒன்றிரண்டு கிலோமீட்டர் தள்ளிக் கட்டடங்களை நிற்க விட்டுவிட்டு நிலத்தை மட்டும் கரைத்தது எப்படி என்பது.

கோபேயின் நில அமைப்பிலேயே அதற்குப் பதில் இருக்கிறது. வடக்கே ரொக்கோ மலைத்தொடர், தெற்கே ஒசாகா வளைகுடா. இடையில் இரண்டு முதல் நான்கு கி.மீ. அகலமே உள்ள ஒரு நீண்ட நாடா நிலம். மலையடிவாரத்தில் கெட்டியான பாறை. நடுவில் ஆறுகள் கொண்டுவந்து கொட்டிய வண்டல். கரையோரம் மனிதன் நிரப்பிய மண். சேதமும் இந்த மூன்று பட்டைகளின்படியே பிரிந்தது. உயிர்கள் போனது பெரும்பாலும் நடுப்பட்டையில். நகரத்தின் பிழைப்பு உடைந்தது கரையோரப் பட்டையில். மலைப்பக்கம் ஓரளவு தப்பியது. ஆனால் அண்டை நகரான நிஷினோமியாவின் நிகாவாவில் ஒரு சரிவு இடிந்து 34 பேரைப் புதைத்தது.

நடுப்பட்டை: வீடுகள் விழுந்த இடம்

ஓரிடத்தில் தரை எவ்வளவு பலமாக ஆடியது என்று சொல்லும் ஜப்பானியத் தீவிர அளவுகோலின் உச்சப் படி 7. அந்தப் படி வகுக்கப்பட்ட பிறகு முதன்முறையாக அது வழங்கப்பட்டது இங்கேதான். வரைபடத்தில் அந்தப் பகுதியைக் குறித்தபோது சுமார் 20 கி.மீ. நீளம், 1 கி.மீ. அகலத்தில் ஒரு பட்டை தெரிந்தது. விசித்திரம் என்னவென்றால், அறியப்பட்ட பிளவுகள் ஓடியது மலையடிவாரத்தை ஒட்டி. மோசமான பட்டை விழுந்ததோ அதற்குத் தெற்கே. பட்டைக்கு நேர் கீழே மறைந்த பிளவு ஒன்று இருக்க வேண்டும் என்று முதலில் பலர் நினைத்தார்கள். பின்னர் பரவலாக ஏற்கப்பட்ட விளக்கம் வேறு. மலையின் பாறை செங்குத்தாக இறங்கி, அதை ஒட்டி வண்டல் குழி தொடங்குகிறது. அதிர்வலையின் ஒரு பங்கு வண்டல் வழியாக மெதுவாக மேலேறியது. இன்னொரு பங்கு பாறை வழியாக வேகமாக ஏறி, குழியின் விளிம்பில் வளைந்து பக்கவாட்டில் பரவியது. இரண்டும் ஒரே கணத்தில் சந்தித்த இடத்தில் அதிர்வு ஒன்றின்மேல் ஒன்றாகக் கூடியது. அந்த இடம் விளிம்பிலிருந்து சற்றுத் தள்ளித்தான் அமையும். அங்கேதான் பழைய கோபேயின் நெருக்கமான குடியிருப்புகள் இருந்தன.

விழுந்தவை பெரும்பாலும் பழைய மரவீடுகள். சூறாவளிக் காற்றில் பறக்காதிருக்கக் கூரையில் மண் பரப்பி, அதன்மேல் கனமான ஓடு பதிப்பது அந்தப் பகுதியின் வழக்கம். வீடு ஆடும்போது அந்தப் பாரம் முழுவதும் உச்சியில் நின்று இழுக்கும். கீழ்த்தளத்தில் கடையோ அகலமான முன்னறையோ வைத்திருந்த வீடுகளில் தெருப்பக்கம் சுவரே கிடையாது. மரத்தூணின் அடி நுனியைக் கீழ்ச்சட்டத்தில் செருகியிருந்தார்களே தவிர, இரும்புப் பட்டை போட்டுப் பிணைக்கவில்லை. ஒரு பக்கம் தூக்கியதும் தூண் பொந்திலிருந்து கழன்றுகொண்டது. சட்டம் கரையான் அரித்தோ ஈரத்தில் உளுத்தோ இருந்தால் கழலக்கூட நேரமில்லை. கீழ்த்தளம் தட்டையாகி, மேல்தளம் அப்படியே தரையில் உட்கார்ந்த படங்களைப் பார்த்திருப்பீர்கள். இறந்தவர்களில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கினர் மூச்சுத் திணறியோ நசுங்கியோ, பெரும்பாலும் முதல் சில நிமிடங்களிலேயே இறந்தார்கள். மீட்புப் படை எத்தனை வேகமாக வந்திருந்தாலும் இந்த எண்ணிக்கை பெரிதாக மாறியிருக்காது. உயிரோடு மீண்டவர்களில் மிகப் பெரும்பான்மையினரை வெளியே இழுத்தது வீட்டாரும் அக்கம்பக்கத்தாரும்தான், அதுவும் பெரும்பாலும் ரம்பம், கடப்பாரை, கார் ஜாக்கி ஆகியவற்றை வைத்துக்கொண்டு.

1981-இல் ஜப்பான் கட்டட விதிகளை இறுக்கியிருந்தது. அதன் பிறகு கட்டியவை பெரும்பாலும் நின்றன. அதற்கு முந்தைய கான்கிரீட் கட்டடங்களில் ஒரு வினோதம் தெரிந்தது: அடியும் நிற்க, முடியும் நிற்க, நடுவில் ஒரே ஒரு தளம் மட்டும் அப்பளமாக நொறுங்கியது. நகராட்சியின் இரண்டாம் கட்டடத்தில் 6-ஆம் தளம், மேற்கு நகராட்சி மருத்துவமனையில் 5-ஆம் தளம். பழைய கணக்குமுறை மேல்தளங்களுக்கு வரும் விசையைக் குறைத்தே மதிப்பிட்டது. கீழ்த்தளங்களின் தூண்களில் எஃகுச் சட்டம் வைத்துக் கட்டி, மேலே போகப்போக வெறும் கம்பி கட்டிய கான்கிரீட்டுக்கு மாறினார்கள். மாறுகிற அந்த இடத்தில் பலம் திடீரென்று குறைகிறது. உடைப்பு அங்கே போய் உட்கார்ந்தது.

ஹிகாஷிநாடா வார்டின் ஃபுகாயேயில் ஹான்ஷின் விரைவுச்சாலை 635 மீட்டர் நீளத்துக்குப் பக்கவாட்டில் சாய்ந்ததும் ஏறக்குறைய இதே கதைதான். ஒற்றைத் தூண், அதன் தலையில் கனமான கான்கிரீட் தளம். தூணின் அடியிலிருந்து புறப்பட்ட மெயின் கம்பிகளில் ஒரு பகுதியை, மேலே தேவையில்லை என்று கணக்கிட்டு, சில மீட்டர் உயரத்திலேயே நிறுத்தியிருந்தார்கள். அந்த மட்டத்தில்தான் விரிசல் பிறந்தது. அடுத்தது ரிங். மெயின் கம்பியைச் சுற்றிக் கட்டும் ரிங்கின் முனையை உள்ளே மடித்துத் தூணின் நடுக் கான்கிரீட்டுக்குள் புதைத்தால், வெளித்தோல் உதிர்ந்தாலும் ரிங் பிடித்துக்கொள்ளும். இங்கே முனைகளை ஒன்றன்மேல் ஒன்றாக வெறுமனே ஏற்றி விட்டிருந்தார்கள். தோல் உதிர்ந்த மறுகணம் ரிங் பிரிந்தது. பிடிமானம் இழந்த மெயின் கம்பிகள் வெளிப்பக்கம் வளைந்தன. உள்ளே இருந்த கான்கிரீட் கொட்டியது. 1960-களின் விதிப்படி இதில் தவறே இல்லை என்பதுதான் பொறியாளர்களை உலுக்கியது. 1996-இல் பாலங்களுக்கான விதிகள் மாறின. நாடெங்கும் பழைய தூண்களுக்கு எஃகுத் தகட்டு உறை போடும் வேலை தொடங்கியது.

தரைக்குக் கீழே இருப்பவை மண்ணோடு சேர்ந்தே ஆடும், அதனால் பத்திரம் என்ற நம்பிக்கையும் அன்று போனது. டைகாய் சுரங்க ரயில் நிலையத்தின் நடுத்தூண்கள் 30-க்கும் மேற்பட்டவை நொறுங்கின. கூரை உள்ளே மடிந்து, மேலே இருந்த சாலை 2.5 மீட்டர் வரை இறங்கியது. வெடிப்போ பிளவு குறுக்கிட்டதோ காரணமல்ல. அதிர்வு மட்டுமே ஒரு சுரங்க நிலையத்தை இப்படி நொறுக்கியது அதுவே முதல் முறை.

தீ

முதல் கால் மணி நேரத்திலேயே நகரத்துக்குள் 50-க்கும் மேற்பட்ட இடங்களில் தீ பிடித்தது. பணியில் இருந்த தீயணைப்பு வீரர்கள் சுமார் 300 பேர். மோசமாக எரிந்தது நகாட்டா வார்டு. செயற்கைத் தோல் செருப்பு, ஷூ செய்யும் சிறு பட்டறைகள் வீடுகளோடு ஒட்டி நின்ற பகுதி அது. ரப்பரும் பசையும் கரைப்பானும் அங்கே நிறைய இருந்தன. ஹைட்ரன்டைத் (தீயணைப்புக்கான தெருக் குழாயை) திறந்தால் தண்ணீர் இல்லை, ஏனென்றால் தெருவுக்கு அடியில் பைப் ஆயிரக்கணக்கான இடங்களில் உடைந்திருந்தது. நிலத்தடித் தொட்டிகள் இருந்தன. ஆனால் ஒரு தீயணைப்பு நீராதாரத்துக்கு ஜப்பானிய விதி கேட்பதே 40 கன மீட்டர், அதாவது நிமிடத்துக்கு 1 கன மீட்டர் வீதம் 40 நிமிடம். ஒற்றை வீட்டுக்கு அது போதும், எரிகிற தெருவுக்குப் போதாது.

கடைசியில் நகாட்டா துறைமுகத்திலிருந்து கடல்நீரை இறைத்தார்கள். ஒரு ஹோஸ் 20 மீட்டர். ஒரு கிலோமீட்டர் தூரத்துக்கு 50 ஹோஸ்களை இணைக்க வேண்டும். உராய்வில் அழுத்தம் குறைவதால் இடையிடையே வண்டிகளை நிறுத்தி மறுபடி அழுத்தம் கொடுக்க வேண்டும். சாலையில் கிடந்த ஹோஸ்களின் மேல் ஊரைவிட்டு ஓடியவர்களின் கார்கள் ஏறி இறங்கின, ஹோஸ்கள் வெடித்தன. அன்று காற்று மிக மெதுவாகவே வீசியது. தீ மணிக்குச் சில பத்து மீட்டர்தான் பரவியது. அப்படியும் சுமார் 7,000 கட்டடங்கள் எரிந்தன. காற்று பலமாக வீசியிருந்தால் என்ற கணக்கைப் போட்டுப் பார்க்கவே பயமாக இருக்கிறது.

இன்னொரு விஷயம் பலருக்குப் புதிது. காரணம் கண்டறியப்பட்ட தீவிபத்துகளில் சுமார் 60 சதவீதம் மின்சாரம் தொடர்பானவை. மின்சாரம் திரும்பி வந்தபோதும் தீ பிடித்தது. ஆன் செய்தபடியே விட்டுப்போன ஹீட்டர்மேல் துணி விழுந்து கிடக்கிறது, அல்லது இடிபாட்டில் ஒயர் நசுங்கிக் கிடக்கிறது. ஆளில்லாத வீட்டுக்குள் கரண்ட் பாய்கிறது. வீட்டைவிட்டு வெளியேறும்போது மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுப் போ என்ற பாடமும், அதிர்வை உணர்ந்தால் தானே அணையும் பிரேக்கரும் இதற்குப் பிறகுதான் ஜப்பானில் பரவின.

கரையோரப் பட்டை: நிலமே கரைந்த இடம்

கோபே பல ஆண்டுகளாக மலையை வெட்டிக் கடலில் கொட்டிவந்த நகரம். வெட்டிய மலையில் வீட்டுமனை, கொட்டிய கடலில் துறைமுகத் தீவு. சூமா பகுதியிலிருந்து கன்வேயர் பெல்ட் மண்ணைக் கரைக்குக் கொண்டுவர, பார்ஜுகள் (தட்டையான சரக்குப் படகுகள்) அதைக் கடலில் சேர்த்தன. 1966 முதல் 1981 வரை போர்ட் ஐலண்ட், 1972 முதல் 1992 வரை ரொக்கோ ஐலண்ட். நிரப்பியது பெரும்பாலும் சிதைந்த கிரானைட் மண்: சரளையும் மணலும் கொஞ்சம் வண்டலும் கலந்தது. 1964-இல் நீகாட்டாவில் மண் திரவமாகி அடுக்குமாடிகள் சாய்ந்ததைப் பார்த்த பிறகு, ஒரே அளவுள்ள மெல்லிய மணல்தான் ஆபத்து, சரளை கலந்த மண் தாங்கும் என்ற எண்ணம் வேரூன்றியிருந்தது. அடிப்பக்கம் திறக்கும் பார்ஜிலிருந்து தண்ணீருக்குள் கொட்டிய மண் இறுகுவதில்லை என்பது அந்த எண்ணத்தில் விடுபட்டுப்போனது.

நீரில் ஊறிய தளர்வான மண்ணைக் குலுக்கினால் துகள்கள் நெருங்கப் பார்க்கும். இடையிலுள்ள நீர் உடனே வெளியேற முடியாது. அதன் அழுத்தம் ஏறி, துகள்கள் ஒன்றையொன்று தாங்குவது நின்றுபோகும். அதற்குப் பின் மண் கெட்டியான பொருளாக நடந்துகொள்ளாது. போர்ட் ஐலண்டின் தரைப்பிளவுகள் வழியே சேறும் நீரும் பீறிட்டுத் தெருக்களை மூடின. தீவின் தரை சராசரியாக அரை மீட்டர் இறங்கியது.

அந்தத் தீவில் ஆழ்துளைக்குள் அதிர்வுமானிகளைப் பல மட்டங்களில் பொருத்தியிருந்தது பெரும் அதிர்ஷ்டம். 83 மீட்டர் ஆழத்தில் வடக்கு-தெற்குத் திசை முடுக்கம் 679 கால் (gal, அதாவது செ.மீ./நொடி² என்ற முடுக்க அலகு). தரைமட்டத்தில் 341 கால். மேலே வர வர அதிர்வு கூடும் என்பதுதான் பொதுவான எதிர்பார்ப்பு. இங்கே பாதியாகக் குறைந்துவிட்டது. கரைந்த மண் பக்கவாட்டு அசைவைக் கடத்தவில்லை. அதனால்தான் தீவின் கட்டடங்கள், குறிப்பாகப் பைல் (தரைக்குள் ஆழமாக இறக்கும் தூண்) போட்டு எழுப்பியவை, பெரும்பாலும் நேராக நின்றன. நின்றும் பயன்படவில்லை. சுற்றியிருந்த தரை மட்டும் இறங்கியதால் வாசல்படி அந்தரத்தில் தொங்கியது. கட்டடத்துக்குள் நுழையும் இடத்தில் தண்ணீர், காஸ், கழிவுநீர்க் குழாய்கள் எல்லாம் அறுந்தன. நகரின் முதன்மை நகராட்சி மருத்துவமனை இந்தத் தீவில்தான் இருந்தது. நிலப்பகுதியோடு இணைத்த பாலம் சேதமடைய, மிகத் தேவைப்பட்ட நேரத்தில் அது ஊரிலிருந்து துண்டிக்கப்பட்டது.

நிரப்பிய மண்ணைப் பின்னர் மணல் பைல் இறக்கி இறுக்கியிருந்த மனைகளில் இறக்கம் மிகக் குறைவாகவே இருந்தது. வேலிக்கு இந்தப்புறம் சேறு, அந்தப்புறம் காய்ந்த தரை என்று கோடு போட்டதுபோல் வித்தியாசம். மண் பலப்படுத்தும் செலவு வீண் என்று வாதிட்டவர்களுக்கு இதைவிடத் தெளிவான சோதனை அமையாது.

துறைச் சுவர்களின் கதி இன்னும் மோசம். கெய்சன் என்பது உள்ளீடற்ற பிரம்மாண்டமான கான்கிரீட் பெட்டி. மிதக்கவிட்டு இழுத்துவந்து, உரிய இடத்தில் மூழ்கடித்து, உள்ளே மணல் நிரப்புவார்கள். தன் எடையாலேயே அது மண்ணைத் தாங்கி நிற்கும். கோபேயின் கடல்தளம் மென்களிமண். பெட்டி அதில் புதையக்கூடாது என்று களிமண்ணைத் தோண்டி எடுத்துவிட்டு, அதே சிதைந்த கிரானைட் மண்ணைப் போட்டு, மேலே கல் பரப்பி, அதன்மேல் பெட்டியை வைத்தார்கள். நிலநடுக்கத்தில் பெட்டியின் அடிமண் இளகியது, பின்மண் தள்ளியது, பெட்டி தன் நிறையின் வேகத்தில் தானும் ஆடியது. பெரும்பாலான சுவர்கள் சராசரி 3 மீட்டர், சில இடங்களில் 5 மீட்டர் வரை கடலுக்குள் நகர்ந்தன. 1 முதல் 2 மீட்டர் இறங்கின. சுமார் 4 டிகிரி கடல்பக்கம் சாய்ந்தன. பெட்டிகள் உடையவில்லை, கவிழவும் இல்லை. கல்மேட்டின்மேல் வழுக்கியதைவிட, கல்மேட்டையும் சேர்த்து அடிமண்ணுக்குள் அழுத்திக்கொண்டே நகர்ந்தன. மெரிக்கன் பூங்காவில் இப்படி உடைந்த துறையின் சுமார் 60 மீட்டரைச் செப்பனிடாமல் அப்படியே வைத்திருக்கிறார்கள். சாய்ந்த விளக்குக் கம்பங்களோடு நீருக்குள் இறங்கிக் கிடக்கிறது.

சுவர் நகர்ந்தால் கிரேன் என்ன ஆகும்? கண்டெய்னர் கிரேனின் ஒரு தண்டவாளம் கெய்சன்மேல். மற்றது பல மீட்டர் பின்னால், தனி அஸ்திவாரத்தில். முன் தண்டவாளம் கடல் பக்கம் போக, பின் தண்டவாளம் அங்கேயே நிற்க, நடுவில் நின்ற கிரேனின் கால்கள் அகன்று, முழங்கால் மடிந்ததுபோல் வளைந்தன. கப்பல்கள் நிற்கும் சுமார் 240 பெர்த்துகளில் மிகச் சிலவே உடனடியாகப் பயன்பட்டன. அவற்றில் முக்கியமானவை மாயா துறையில், தொடக்கத்திலேயே கூடுதல் அதிர்வைத் தாங்குமாறு கணக்கிட்டுக் கட்டியவை. நிவாரணக் கப்பல்கள் அங்கேதான் வந்தன.

அறுந்த குழாய்கள், அடைந்த வழிகள்

மின்சாரம் ஒரு வாரத்துக்குள் திரும்பியது. தண்ணீரும் காஸும் முழுதாகத் திரும்பச் சுமார் மூன்று மாதம். மின்கம்பியின் அறுந்த இடம் கண்ணுக்குத் தெரியும்; புதைந்த குழாயின் உடைப்பு தெரியாது. தண்ணீர்க் குழாயில் அழுத்தம் கொடுத்தால்தான் ஒழுகும் இடம் தெரியும்; அழுத்தம் கொடுக்கத் தண்ணீர் வேண்டும்; தண்ணீர் வரும் பெருங்குழாயும் உடைந்திருந்தது. ஒரு உடைப்பைச் சரிசெய்து திறந்தால் நூறு மீட்டர் தள்ளி அடுத்தது பீறிடும். காஸில் இன்னும் சிக்கல். உடைந்த குறைந்த அழுத்தக் குழாய்க்குள் தண்ணீரும் சேறும் புகுந்துவிடும். ஒவ்வொரு வீட்டு வால்வையும் மூடி, துண்டு துண்டாகச் சோதித்து, உள்ளே புகுந்ததை வெளியேற்றி, மறுபடி வீடு வீடாகப் போய்த் திறக்க வேண்டும். நெகிழ்ந்தும் கழன்றுபோகாத இணைப்புகள் கொண்ட டக்டைல் இரும்புக் குழாய்கள் ஏறக்குறைய சேதமின்றித் தப்பின. பழைய வார்ப்பிரும்பும் கல்நார் சிமென்ட் குழாயும் நொறுங்கின.

ஜனவரி 18 அன்று கரையோர எரிவாயுத் தொட்டி வளாகம் ஒன்றில் புரொப்பேன் கசிந்தது. தொட்டி உடையவில்லை. தரை கடல்பக்கம் நகர்ந்ததில் தொட்டியையும் குழாயையும் இணைத்த வால்வின் இணைப்பு தளர்ந்தது. சுற்றுவட்டாரத்தில் சுமார் 70,000 பேரை வெளியேறச் சொன்னார்கள். தீப்பற்றவில்லை.

கிழக்கு-மேற்கு ரயில் பாதைகளும் நெடுஞ்சாலைகளும் அந்த ஒடுங்கிய நாடாவில் அருகருகே ஓடியதால் ஒரே நேரத்தில் அறுந்தன. புல்லட் ரயிலின் மேம்பாலப் பாதை எட்டு இடங்களில் விழுந்திருந்தது. அன்றைய முதல் ரயில் காலை 6 மணிக்கு. 14 நிமிட இடைவெளியில் ஒரு பெருவிபத்து தவறியது. கட்டுமானத்தில் இருந்த அகாஷி தொங்குபாலத்தின் இரு கோபுரங்களும் தப்பின. ஆனால் தரையே நகர்ந்ததில் 1,990 மீட்டர் நடுவிடைவெளி 1,991 ஆகிவிட்டது, வடிவமைப்பை அதற்கேற்பத் திருத்தினார்கள்.

சுவரைச் சரிசெய்யலாம், சரக்கு திரும்புமா?

கடலுக்குள் நகர்ந்த கெய்சனைப் பின்னுக்கு இழுக்க வழியில்லை. பல இடங்களில் அதை அப்படியே விட்டுவிட்டு, அதற்கு முன்னால் எஃகுப் பைல்கள்மேல் புதிய மேடை கட்டினார்கள். வேறு இடங்களில் பின்மண்ணை அள்ளிவிட்டுத் திரவமாகாத கல்லையோ எடை குறைந்த பொருளையோ நிரப்பினார்கள். சில இடங்களில் மண்ணோடு சிமென்ட் கலந்து இறுக்கினார்கள். 1997 மார்ச்சுக்குள், இரண்டே ஆண்டில், துறைமுகம் சீரமைந்தது. பொறியியல் சாதனை என்று பார்த்தால் இதற்கு ஈடாகச் சொல்லக் கொஞ்சமே உண்டு.

ஆனால் 1994-இல் கோபே 20-அடிக் கணக்கில் சுமார் 29 லட்சம் கண்டெய்னர்களைக் கையாண்டு உலகில் 6-ஆம் இடத்தில் இருந்தது. 1995-இல் அது பாதியானது. கோபேயில் இறக்கி வேறு கப்பலில் ஏற்றி வேறு நாட்டுக்குப் போகும் சரக்குக்கு இந்த நகரத்தோடு எந்த ஒட்டும் இல்லை. கப்பல் கம்பெனிகள் அதை தென்கொரியாவின் பூசானுக்கும் தைவானின் காவ்சியுங்குக்கும் மாற்றின. அங்கே ஒப்பந்தம் போட்டு, அட்டவணை அமைத்து, கிளைக் கப்பல்களையும் இணைத்த பிறகு, சுவர் சரியாகிவிட்டது என்பதற்காக யாரும் திரும்பி வரவில்லை. நிலநடுக்கம் மட்டுமே காரணம் என்பதும் சரியல்ல. பூசான் ஏற்கெனவே வளர்ந்துகொண்டிருந்தது, கட்டணமும் அங்கே குறைவு. கோபே இழக்கவிருந்ததில் ஒரு பங்கை நிலநடுக்கம் முன்கூட்டியே எடுத்துக்கொண்டது எனலாம். நகாட்டாவின் ஷூ பட்டறைகளிலும் இதே விதமாக, சீரமைப்பு நடந்த மாதங்களில் ஆர்டர்கள் மலிவான நாடுகளுக்குப் போயின.

நகரத்தின் மக்கள்தொகை 2004 வாக்கில் பழைய அளவைத் தொட்டது. துறைமுகம் 1994-இன் கண்டெய்னர் எண்ணிக்கையைத் தாண்டியது 2017-இல். இடைப்பட்ட 23 ஆண்டுகளில் உலகத் துறைமுகங்கள் பெருத்துவிட்டதால், கிட்டத்தட்ட அதே 29 லட்சத்துக்கு அப்போது கிடைத்த இடம் 50-க்கும் கீழே.